மஞ்சள் காட்டிய ஹார்டு டிஸ்க்: ஒரு ஸ்டுடியோவின் கல்யாண வீடியோக்களை மீட்ட அனுபவம்

திருநெல்வேலியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் கம்ப்யூட்டர்களை நான் பார்த்துக்கொள்கிறேன். எடிட்டிங்குக்கு ஒரு விண்டோஸ் சிஸ்டம், முடிந்த வேலைகளைச் சேர்த்து வைக்க ஒரு லினக்ஸ் பெட்டி, அவ்வளவுதான். ஆனால் அந்த டிஸ்க்குகளில் இருப்பது ஊர்க்காரர்களின் கல்யாணம், வளைகாப்பு, காதுகுத்து. தாலி கட்டுவதை இன்னொரு முறை படம்பிடிக்க முடியாது. அதனால்தான் டிஸ்க் விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு.

தொந்தரவு சின்னதாகத்தான் ஆரம்பித்தது. ஒரு குறிப்பிட்ட போல்டரைத் திறந்தால் மட்டும் சிஸ்டம் அப்படியே நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகும். வைரஸாக இருக்கும் என்றார் ஒருவர். விண்டோஸைப் புதிதாகப் போட்டால் போதும் என்றார் இன்னொருவர். மற்ற போல்டர்கள் எல்லாம் வேகமாகத் திறந்து, ஒரே இடத்தில் மட்டும் தடுமாறினால் எனக்கு முதல் சந்தேகம் டிஸ்க் மேல்தான்.

கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவை ஓட்டிப் பார்த்தேன். இது இலவச மென்பொருள். இன்ஸ்டால் செய்யாமல் பென்டிரைவிலிருந்தே ஓடும் பதிப்பும் இருக்கிறது. சந்தேகப்படும் டிஸ்க்கில் புதிதாக எதையும் எழுதக்கூடாது என்பதால் அதைத்தான் எடுத்தேன். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே உள்ளுக்குள் ஒரு கணக்கு வைத்திருக்கும். அதற்கு ஸ்மார்ட் என்று பெயர். அந்தக் கணக்கை வாங்கி நமக்குக் காட்டுவதுதான் இந்த மென்பொருளின் வேலை. நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் எச்சரிக்கை, சிவப்பு என்றால் மோசம். எங்கள் 2 டிபி டிஸ்க் மஞ்சளில் நின்றது.

நிறத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். கீழே வரும் பட்டியலில் மூன்று வரிகள் முக்கியம். டிஸ்க் தகவலை எழுதி வைக்கும் சின்னச் சின்னத் துண்டுகளுக்கு செக்டார் என்று பெயர். 05 என்பது, கெட்டுப்போன செக்டார்களுக்குப் பதிலாக டிஸ்க் தன் உபரி இடத்திலிருந்து மாற்றிக்கொண்டவற்றின் எண்ணிக்கை. சி5 என்பது, படிக்க முடியாமல் போய் இன்னும் முடிவு தெரியாமல் காத்திருக்கும் செக்டார்கள். சி6 என்பது, டிஸ்க் தானே சோதித்தபோதும் படிக்க முடியாதவை. எங்கள் டிஸ்க்கில் 05 பூஜ்யம், சி5-இல் 18. இந்த எண் ஹெக்ஸ் முறையில், அதாவது பதினாறின் அடிப்படையில் எண்ணும் முறையில் வருகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். சாதாரணக் கணக்கில் அது 24. மெனுவில் பதின்ம எண்ணாக மாற்றும் வசதி உண்டு, முதல் வேலையாக மாற்றிவிடுங்கள். மறுநாள் பார்த்தபோது சி5 56 ஆகியிருந்தது. என்னைப் பயமுறுத்தியது 24 அல்ல, ஒரே நாளில் அது 56 ஆனதுதான். எட்டு எட்டாகக் கூடுவது ஏன் என்றால், இப்போதைய டிஸ்க்குகளில் ஒரு நிஜ செக்டார் 4096 பைட். வெளியே அதை எட்டு 512 பைட் செக்டார்களாகக் காட்டும்.

இதே டிஸ்க்கை லினக்ஸில் ஸ்மார்ட் கணக்கைப் படிக்கும் ஸ்மார்ட்சிடிஎல் என்ற கருவி கொண்டு கேட்டால் 'பாஸ்' என்று வந்தது. இது பலரைக் குழப்பும். டிஸ்க் தயாரிப்பாளர் வைத்த எல்லையைத் தாண்டினால்தான் 'ஃபெயில்' வரும். சி5-க்குப் பெரும்பாலும் அந்த எல்லையே பூஜ்யமாக இருப்பதால் அது ஒருபோதும் தாண்டாது. 'பாஸ்' என்ற ஒற்றைச் சொல்லை நம்பித் தூங்கப் போகக்கூடாது.

"தம்பி, ஒண்ணும் போயிராதுல்லா?" என்றார் ஸ்டுடியோ அண்ணாச்சி. இப்போதே நிறுத்தினால் போகாது அண்ணாச்சி என்றேன். அன்றே எடிட்டிங்கை நிறுத்தினோம். விண்டோஸோடு வரும், டிஸ்க் பிழைகளைத் திருத்தும் செக்டிஸ்க்கை ஓட்டச் சொல்லி நிறைய ஆலோசனை வந்தது. தடுமாறும் டிஸ்க்கில் அதை ஓட்டுவது பெரிய ஆபத்து. ஏற்கெனவே திணறும் டிஸ்க்கை அது முழுக்க வேலை வாங்கும், பைல் அமைப்பையும் அங்கேயே மாற்றி எழுதும். சிதறிய பைல்களை ஒழுங்காக அடுக்கும் டிஃப்ராக் செய்வதும் அப்படித்தான்.

பென்டிரைவிலிருந்து லினக்ஸை பூட் செய்து, டிஸ்க்கைப் படிக்க மட்டும் முடிகிற மாதிரி மவுண்ட் செய்தேன். ஆல்பம் இன்னும் கொடுக்காத கல்யாணங்களை முதலில் காப்பி செய்தோம். அண்ணாச்சி பட்டியல் சொல்லச் சொல்ல அந்த வரிசையில் எடுத்தேன். நின்றுபோகும் அந்த போல்டரைத் தொடவே இல்லை. அது நல்ல முடிவு என்று இன்றும் நினைக்கிறேன். டிஸ்க் வழியில் செத்துப்போனாலும் நாளைக்கு வாடிக்கையாளருக்குப் பதில் சொல்ல வேண்டியவை கையில் இருக்கும்.

அப்புறம் முழு டிஸ்க்கையும் புதிய டிஸ்க்குக்குப் பெயர்க்க டிடிரெஸ்க்யூ என்ற லினக்ஸ் மென்பொருளை எடுத்தேன். சாதாரண காப்பி ஒரு கெட்ட செக்டாரில் முட்டினால் அங்கேயே நின்று திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கும். டிடிரெஸ்க்யூ அந்த இடத்தைத் தாண்டிப் போய், எளிதாகப் படிக்கக்கூடியதை எல்லாம் முதலில் அள்ளிவிடும். கடினமான இடங்களுக்குக் கடைசியில்தான் திரும்பும். எது வந்தது, எது பாக்கி என்று ஒரு மேப் பைலில் குறித்துக்கொண்டே போகும். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்த மேப் பைலை மூன்றாவதாக ஒரு பென்டிரைவில் வையுங்கள். பூட் செய்த லினக்ஸின் மெமரியில் வைத்தால் கரண்டோடு அதுவும் போய்விடும். இன்னொன்று: எது பழைய டிஸ்க், எது புதியது என்று சீரியல் எண்ணை ஒட்டியிருக்கும் லேபிளோடு ஒப்பிட்ட பிறகுதான் என்டர் தட்ட வேண்டும். மாறினால் வெற்று டிஸ்க்கை நிரம்பிய டிஸ்க்கின் மேல் எழுதிவிடுவோம்.

முதல் சுற்று வேகமாகப் போனது. கடைசிச் சில செக்டார்கள்தான் நேரத்தைத் தின்றன. முடிவில் படிக்க முடியாமல் நின்றது ஒரு மெகாபைட்டுக்கும் குறைவு. அது எந்தெந்த பைல் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. புதிய டிஸ்க்கில் மீட்காத இடங்களில் மட்டும் நாம் கொடுக்கும் ஒரு சொல்லை நிரப்பும்படி டிடிரெஸ்க்யூவிடமே சொல்லலாம். பிறகு அந்தச் சொல் எந்த பைலில் இருக்கிறது என்று தேடினால் போதும். இரண்டு வீடியோ, ஒரு போட்டோ மாட்டின. வீடியோக்கள் ஒரு நொடி குதித்துவிட்டு ஓடின. போட்டோவின் ரா பைல், அதாவது கேமராவிலிருந்து வந்த மூலப் பைல், வேறு போல்டரில் நல்லபடியாக இருந்தது. செக்டிஸ்க்கை அதற்கப்புறம் புதிய டிஸ்க்கில்தான் ஓட்டினேன்.

டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வந்திருந்தால் இதில் எதையும் செய்திருக்க மாட்டேன். உடனே கரண்டை நிறுத்திவிட்டு டேட்டா ரெக்கவரி ஆட்களிடம் கொடுத்திருப்பேன். ஹெட், அதாவது தட்டின் மேல் நகர்ந்து தகவலைப் படிக்கும் முனை, கெட்டுப்போன டிஸ்க்கை எந்த மென்பொருளும் காப்பாற்றாது, ஓட்ட ஓட்டத் தட்டுதான் கீறும்.

பழைய டிஸ்க்கை முழுக்க பூஜ்யத்தால் எழுதிப் பார்த்தோம். சி5 பூஜ்யத்துக்கு வந்துவிட்டது, 05 ஏறிவிட்டது. சரியாகிவிட்டதே, சினிமா போட்டு வைக்கலாமே என்று கடைப் பையன் ஆசைப்பட்டான். காத்திருந்த செக்டார்களுக்கு உபரி இடம் கிடைத்ததைத்தான் அது காட்டுகிறது, நோய் அப்படியேதான் இருக்கிறது. அந்த டிஸ்க்கை ஸ்டுடியோவுக்குள் வைத்துக்கொள்ள நான் சம்மதிக்கவில்லை.

இப்போது விண்டோஸ் சிஸ்டத்தில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ பின்னணியில் எப்போதும் ஓடுகிறது, சிஸ்டம் போடும்போதே அதுவும் தொடங்கும். லினக்ஸ் பெட்டியில் பின்னணியில் டிஸ்க்கைக் கண்காணிக்கும் ஸ்மார்ட்டி என்ற மென்பொருள் வாரம் ஒரு குறுஞ்சோதனையும் மாதம் ஒரு முழுச்சோதனையும் நடத்தி, எண் மாறினால் எனக்கு மெயில் அனுப்பும். அங்கே ஒரு டிஸ்க்கில் சி7, அதாவது டிஸ்க்குக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே தகவல் போகும்போது வரும் பிழைகளின் எண்ணிக்கை, ஏறிக்கொண்டிருந்தது. அது பெரும்பாலும் கேபிள் கோளாறு. சாட்டா கேபிளை மாற்றியதும் ஏறுவது நின்றது. பழைய எண் அழியாது, இனி ஏறாமல் இருந்தால் சரி. யுஎஸ்பி டிஸ்க் சிலவற்றில் ஸ்மார்ட் விவரமே வராது. ஸ்மார்ட்சிடிஎல்லில் டிஸ்க் வகையை 'சாட்' என்று கொடுத்தால் பல யுஎஸ்பி டிஸ்க்குகள் வாய் திறக்கும்.

இவ்வளவு செய்தும் பேக்கப் டிஸ்க் தனியாக வாங்க வைத்தேன். அதற்குக் காரணம் 2007-இல் கூகுள் வெளியிட்ட ஆய்வு. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைப் பார்த்தார்கள். ஸ்கேனில் முதல் பிழை வந்த டிஸ்க் அடுத்த 60 நாளில் சாகும் வாய்ப்பு, பிழை வராததைவிட 39 மடங்கு. அதே ஆய்வில், செத்த டிஸ்க்குகளில் 36 சதவீதத்துக்கும் மேல் ஸ்மார்ட்டில் எந்த அறிகுறியும் காட்டவில்லை. ஆன்லைன் பேக்கப் நிறுவனமான பேக்பிளேஸ் 2016-இல் சொன்ன கணக்கிலும், 5, 187, 188, 197, 198 என்ற ஐந்து ஸ்மார்ட் வரிகளில் ஒன்றாவது அசைந்திருந்தது செத்தவற்றில் 76.7 சதவீதத்தில்தான். பதின்ம எண்ணில் 197, 198 என்பவைதான் நம் சி5, சி6. மீதி டிஸ்க்குகள் சொல்லாமல் போயின. அதனால் மூன்றாவது பிரதி ஒன்று அண்ணாச்சி வீட்டு அலமாரியில் இருக்கிறது. ஒவ்வொரு முகூர்த்த மாதம் முடிந்ததும் அதைக் கொண்டுவந்து புதியவற்றைச் சேர்த்து, ஏதாவது ஒரு பழைய வீடியோவைத் திறந்து ஓட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புகிறோம்.