வாயு என்று விட்ட மூன்று மணி நேரம்

12 ஆகஸ்ட் 2024, திங்கள்

விடிகாலை நாலு மணிக்கு அத்தை கூடத்தில் உட்கார்ந்திருந்தார். நெஞ்சு வலியா என்று கேட்டேன், அதெல்லாம் இல்லை, தாடை கடுக்குது, இடது தோளில் மூட்டையைத் தூக்கி வைத்த மாதிரி இருக்குது என்றார். "வாயுதான் கண்ணு, ஓமத்தண்ணி வை." வைத்தேன். குடித்த கொஞ்ச நேரத்தில் வாந்தி. சரி, இனி அடங்கிவிடும் என்று போய்ப் படுத்தேன், அதை நினைத்தால் இப்போதும் என்னையே அறையத் தோன்றுகிறது.

ஏழு மணிக்குக் காபியோடு போனால், மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தும் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. கையைத் தொட்டால் பானைத் தண்ணீர் மாதிரி சில்லென்று. ஆட்டோ பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஓடினோம். ஈ.சி.ஜி. எடுத்ததும் டாக்டர் அத்தையை எழுந்திருக்கவே விடவில்லை. சிஸ்டர் உள்ளங்கையில் மாத்திரைகளைக் கொட்டினார்: ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8. மாரடைப்பு என்று தெரிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைக் கொடுத்துவிடும், 2023-இல் வந்த 'இதயம் காப்போம்' திட்டமாம். "பதினாலுமா? வெறும் வயித்துலயா?" என்றார் அத்தை, அந்த நிலையிலும். அங்கிருந்து 108-இல் பெரியாஸ்பத்திரி.

13 ஆகஸ்ட்

இதய ரத்தக்குழாயில் அடைப்பு. குழாயைத் திறந்தே வைத்திருக்கும் சின்ன வலைக்குழல், ஸ்டென்ட், வைத்தாயிற்று. பதினெட்டு வருஷச் சர்க்கரை நரம்பை மரக்கச் செய்திருக்கும், அதனால் நெஞ்சு வலி தெரியாமலே மாரடைப்பு வரலாம் என்றார் டாக்டர். பெண்களுக்குத் தாடை, முதுகு, குமட்டல், மூச்சு வாங்குவது, காரணமில்லாத அசதி என்று வருவது அதிகமாம், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வதெல்லாம் சினிமாவில்தான் எப்போதும் நடக்கிறது. நாலு நாளாக ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா என்று கேட்டார். அத்தை மாடிப்படியில் பாதியில் நின்று நின்று ஏறினார், வயசாச்சு என்று விட்டோம். இதயத்தசை சாகச் சாகத் திரும்பாது, அதனால்தான் ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு என்றார். நான் மனசுக்குள் நாலிலிருந்து ஏழு வரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

19 ஆகஸ்ட்

அத்தை வீட்டுக்கு வந்தாயிற்று. பார்க்க வந்த எதிர்வீட்டு அக்கா, எனக்கும் படியேறினா நெஞ்சுல வாயு அடைக்குது, நின்னா விட்டுருது என்று சிரித்தார். அவருக்கும் சர்க்கரை உண்டு. விடாமல் கூட்டிப் போனேன். ஈ.சி.ஜி. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு ஈ.சி.ஜி.யை மட்டும் நம்ப முடியாது என்று ட்ரோபோனின் (இதயத்தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் புரதம்) பார்க்க ரத்தம் எடுத்தார்கள், சில மணி நேரம் கழித்து மறுபடியும் எடுத்தார்கள். இரண்டிலும் ஒன்றுமில்லை, டிரெட்மில் டெஸ்ட்டுக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். வாயுக்கு ரெண்டு ஊசி குத்த வெச்சுட்டியே என்று வழி நெடுக என்னைத் திட்டிக்கொண்டே வந்தார்.