1400-க்கு கீழ போன நாள்கள்: ஆடி மாச நாட்குறிப்பு

ஜூலை 22, 2024, திங்கள்

நேத்து ராத்திரி கணக்கு போட்டா மொத்தமே 960 கலோரிதான் வருது. எடை கொறைக்க ஒரு நாளைக்கு வெச்சிருக்கற டார்கெட் 1400. வேணும்னு கொறைக்கல, காலைல மூணு இட்லி சாம்பார், மத்தியானம் லேட்டா சோறும் கோழிக்கொழம்பும், சாயந்தரம் மழை புடிச்சுகிச்சு காபியோட சரி, ராத்திரி பசியே இல்ல, படுத்துட்டேன். கலோரி எழுதி வெக்கிற ஆப்ல மட்டும் செகப்பு எழுத்துல ஏதோ எச்சரிக்கை, ரொம்ப கம்மியா சாப்பிடுறீங்கன்னு. மத்த நாளெல்லாம் தாண்டிட்டீங்கன்னு திட்டும், இன்னைக்கு எட்டலைன்னு திட்டுது.

மாடி வீட்டு பொண்ணு ஜிம்முக்கு போறவ, காலைல தண்ணி புடிக்கும்போது சொன்னா, "அக்கா அப்படி படுக்கவே கூடாது, உடம்பு பட்டினின்னு நெனச்சு கொழுப்ப அப்படியே புடிச்சு வெச்சுக்கும், எந்திரிச்சு ரெண்டு வாழைப்பழமாவது சாப்ட்டிருக்கணும்"னு. பசிக்காத வயித்துல நம்பருக்காக வாழைப்பழத்த தள்ளணுமா கண்ணுன்னு கேட்டேன், ஆமாங்கறா.

எனக்கு இந்த 1400 எங்க இருந்து வந்துச்சுன்னு எழுதி வெக்கிறேன், பின்னாடி பாக்க ஆகும். எடைய 10-ஆல பெருக்கணும், உயரத்த 6.25-ஆல பெருக்கி கூட்டணும், வயச 5-ஆல பெருக்கி கழிக்கணும், பொம்பளைன்னா இன்னொரு 161 கழிக்கணும். 1990-ல வந்த பார்முலா, இப்பவும் பெரும்பாலும் இததான் சொல்றாங்க. 74 கிலோ, 158 சென்டிமீட்டர், 38 வயசு, போட்டா 1376 வருது. சும்மா படுத்து கெடந்தாலே உடம்பு எரிக்கிற அளவு அது. நாள் பூரா சேர்ல உக்காந்து கணக்கு எழுதுற வேலைக்கு அத 1.2-ஆல பெருக்கினா 1650, அதுல 250 கொறைச்சு 1400. அவ்வளவுதான். உத்தேசத்து மேல உத்தேசம். இதுல தாளிக்கிற எண்ணெய் வேற, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய்க்கு 120 கலோரி, எங்க வீட்டுல யாரு ஸ்பூன்ல அளந்து ஊத்துறா, அத்தை கை சாய்ச்சா சாய்ச்சதுதான். அதனால நேத்து 960-ங்கறது நெசமா 1100-ஆ கூட இருக்கலாம். இந்த நம்பருக்கு போய் ராத்திரி எந்திரிச்சு சாப்பிடணுமாம்.

ஜூலை 24, புதன்

எடை மெஷின்ல 700 கிராம் ஏறியிருக்கு. ஞாயித்துக்கெழம அவ்வளவு கம்மியா சாப்பிட்டும்!

நான் வேலை பாக்குறது சேலம் செவ்வாய்ப்பேட்டைல வெள்ளி கொலுசு கணக்கு. அங்க வெள்ளி குடுக்கும்போதும் தராசு, பட்டறைல இருந்து கொலுசா திரும்பி வரும்போதும் தராசு, சேதாரம் எவ்வளவு, டச் (வெள்ளியோட சுத்தம்) எவ்வளவுன்னு ஒவ்வொரு கிராமுக்கும் பதில் இருக்கணும், இல்லன்னா சாயந்தரம் யாரும் வீட்டுக்கு போக முடியாது. அந்த பழக்கத்துல வீட்டு எடை மெஷின் மேல ஏறி நின்னுட்டு எங்க போச்சு எங்க இருந்து வந்துச்சுன்னு கணக்கு கேக்குறேன், அது சொல்லாது.

செவ்வாய்க்கெழம சாயந்தரம் தட்டுவடை செட் சாப்பிட்டேன், அதான் முக்காவாசி காரணமா இருக்கும். ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல பச்ச சட்னி செகப்பு சட்னி தடவி, துருவின பீட்ரூட் கேரட் வெங்காயம் அள்ளி வெச்சு மூடி தருவாரே, மூணு செட் உள்ள போச்சு. வாய்க்குள்ள போறப்ப மொறுமொறுன்னு இருக்கும், ஒடச்சா பீட்ரூட் சாறு கைல வழியும், அந்த உப்புக்கும் புளிப்புக்கும் அப்புறம் ஒரு சொம்பு தண்ணி குடிச்சேன். உப்பு தண்ணிய புடிச்சு வெக்கும். அதோட உடம்பு சேத்து வெக்கிற மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் மூணு கிராம் தண்ணிய கூட வெச்சுக்குமாம். கம்மியா சாப்பிட்ட மறுநாள் அந்த தண்ணி வெளிய போகும், எடை கொறைஞ்ச மாதிரி காட்டும், நல்லா சாப்பிட்டா திரும்ப வந்துரும். ஏறினதும் கொழுப்பு இல்ல, எறங்கினதும் கொழுப்பு இல்ல. மாசவிலக்கு நாள் வந்தா அதுக்கு தனியா ஒரு கிலோ.

சரி ஞாயித்துக்கெழம விட்ட 440 கலோரிக்கு நெசமா எவ்வளவு கொழுப்பு கரைஞ்சிருக்கும்? ஒரு கிலோ கொழுப்புக்கு சுமார் 7700 கலோரின்னு வெச்சுகிட்டா 57 கிராம். சின்ன கொலுசு ஒரு ஜோடி எடை. அதுக்கு சந்தோசப்படவும் ஒண்ணுமில்ல, பட்டினி பயம் படவும் ஒண்ணுமில்ல.

ஜூலை 26, வெள்ளி

ஆடி வெள்ளி. மதியத்துக்கு மேல லீவு சொல்லலாம்னு இருந்தேன், காலைலயே வீட்டுல இருக்க வேண்டியதா போச்சு, நல்லவேளை இருந்தேன்.

அத்தை அம்மனுக்கு விரதம், மாவிளக்கு போட்டு முடிச்சுதான் சாப்பிடுவேன்னுட்டாங்க. பதினோரு மணி இருக்கும், பச்சரிசி மாவுல வெல்லம் போட்டு பெசைஞ்சுகிட்டு இருந்தவங்க கை நின்னுபோச்சு. "அந்த... அத எடு சாமி"ன்னாங்க, எதன்னு அவங்களுக்கே தெரியல. மேலுதட்டுல முத்து முத்தா வேர்வை, ஃபேன் ஓடுது, மழை குளிர் வேற, மாவு ஒட்டின வெரல் அஞ்சும் தனித்தனியா நடுங்குது. சுகர் மெஷின்ல குத்தி பாத்தா 58. 70-க்கு கீழ போனாலே ஆபத்து. மூணு டீஸ்பூன் சர்க்கரைய தண்ணில கலக்கி கைய புடிச்சுகிட்டே குடிக்க வெச்சேன், கால் மணி நேரம் கழிச்சு மறுபடி குத்தினா 84. அதுக்கப்புறம் ரெண்டு இட்லி. அம்மன் கோச்சுக்காதுங்கன்னு சொல்லித்தான் சாப்பிட வெக்க முடிஞ்சுது.

காலைல வழக்கம்போல மாத்திரைய போட்டிருக்காங்க. விரதம் சாப்பாட்டுக்குத்தான், மாத்திரைக்கு இல்லன்னு நெனச்சிருக்காங்க. ரெண்டு சுகர் மாத்திரை அவங்களுக்கு, மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும். மெட்ஃபார்மின் தனியா இருந்தா சுகர் இப்படி அடியோட எறங்குறது அபூர்வம். கிளிமிபிரைடு அப்படி இல்ல, நீ சாப்பிட்டியா இல்லையான்னு பாக்காது, கணையத்த புடிச்சு இன்சுலின் சொரக்க வெச்சுகிட்டே இருக்கும். போன்ல டாக்டரும் அதத்தான் சொன்னாரு, இனிமே விரதம்னா முன்னாடியே வந்து கேட்டுட்டு இருங்க, மாத்திரைய போட்டுட்டு பட்டினி கெடக்காதீங்கன்னு.

சாயந்தரம் தெளிவா உக்காந்து காபி குடிச்சுகிட்டே கேக்குறாங்க, "நீ அன்னைக்கு ராத்திரி சாப்பிடாம படுத்த, உனக்கு ஒண்ணும் ஆகல, எனக்கு மட்டும் என்ன கண்ணு"ன்னு. எனக்கு மாத்திரை இல்ல அத்த, அதான். ஒரு நாள் கம்மியா போனா பரவால்லங்கறது என்னை மாதிரி மாத்திரை இல்லாதவங்களுக்குத்தான், அந்த மாதிரி சுகர் மாத்திரை போடுறவங்க, இன்சுலின் போடுறவங்க, புள்ளத்தாச்சி, பால் குடுக்குறவ, இவங்கெல்லாம் இந்த பேச்சுக்கே வரக்கூடாது.

மாவிளக்கு எட்டு மணிக்கு போட்டோம்.

ஜூலை 27, சனி

1450. எழுத ஒண்ணும் இல்ல.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. மேட்டூர் டேம் 30-ந்தேதி 120 அடிய தொட்டுச்சுன்னதுல இருந்து பையன் போகணும் போகணும்னு ஒரே நச்சு. விடிகாலைல அவரு வண்டிய எடுத்தாரு, ஊரே அங்க வந்துருச்சு போல, வண்டி நகரல, வழில ஒரு டீ, அங்க ஒரு பொரி பாக்கெட்ட நாலு பேரு. பதினாறு கண் மதகு பக்கம் தண்ணி வர்ற வேகத்துக்கு பேசறது காதுல விழல, தூரமா நின்னாலும் மூஞ்சில சாரல். சாப்பாடு கட்டிட்டு போன புளிசாதத்துல பாதி பையனும் அவன் பிரண்டும் காலி பண்ணிட்டாங்க, எனக்கு நாலு வாய் கெடச்சுது. திரும்பி சேலம் வந்து சேரும்போது ராத்திரி எட்டரை.

கணக்கு பாத்தா 610. இது அன்னைக்கு மாதிரி இல்ல, இன்னைக்கு நெசமாவே பசி, தல வலிக்குது, பையன் என்னமோ கேட்டதுக்கு வள்ளுன்னு விழுந்தேன். ரெண்டு முட்ட தோசை ஊத்தி சாப்பிட்டேன், கொஞ்சம் கடலச்சட்னி. 930-க்கு வந்துச்சு. இன்னும் 470 பாக்கி இருக்கேன்னு ஆப் காட்டுது, வயிறு போதும்னுடுச்சு, நிறுத்திட்டேன். மாடி வீட்டு பொண்ணு சொல்ற வாழைப்பழத்துக்கும் எனக்கும் இங்கதான் வித்தியாசம், பசிச்சா மணி பத்தானாலும் சாப்பிடுவேன், டார்கெட்ட நெரப்பறதுக்குன்னு சாப்பிட மாட்டேன். இப்படி கம்மியா போற நாள்ல எத சாப்பிடுறோம்ங்கறத மட்டும் பாக்கணும், காபி பிஸ்கட்டுல 900 வந்தா அது ஒரு கணக்கு, முட்டையும் பருப்பும் இருந்தா வேற கணக்கு. புரதம் கொறைஞ்சா கொழுப்போட சேந்து சதையும் கரையும்.

ஆகஸ்ட் 5, திங்கள்

எதிர்பாத்ததுதான், நேத்து பசி பேயா வந்துச்சு. அமாவாசை படையல், வடை, பாயசம், மதியம் ரெண்டாவது தடவை சோறு. 1870. முன்னாடி எல்லாம் இந்த மாதிரி நாள்ல எல்லாம் போச்சுன்னு ராத்திரி ஒரு பாக்கெட் மிக்சரையும் முடிச்சிருப்பேன்.

இப்ப வாரத்த மொத்தமா பாக்குறேன். திங்கள்ல இருந்து 1420, 1380, 1450, 1310, 1400, 930, 1870. கூட்டினா 9760, ஏழால வகுத்தா 1394. மேட்டூர்ல விட்டத ஞாயித்துக்கெழம உடம்பே கேட்டு வாங்கிகிச்சு, நான் ஒண்ணும் பண்ணல. டார்கெட்டுக்கு ஆறு கலோரி கம்மி, ஒரு டீஸ்பூன் சர்க்கரைல பாதி கூட இல்ல.

எடை 73.8. பொங்கலப்போ 79 இருந்துச்சு. இன்னும் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவுன்னு பாக்குற கணக்கு) 29-க்கு மேலதான், நம்ம ஊரு ஆளுங்களுக்கு 23-லயே அதிகம் 25-லயே பருமன்னு சொல்றாங்க, வெள்ளக்காரங்க கணக்கு நமக்கு ஆகாதாம். அவசரம் இல்ல.

ஆகஸ்ட் 8, வியாழன்

கடைல பேக்கிங் பாக்குற பொண்ணுக்கு ஆவணில கல்யாணம். மத்தியானம் டப்பாவ தொறக்கறதே இல்ல, ஒரு கேரட்டு, ஒரு மோரு. எவ்வளவு வருதுன்னு கேட்டேன், பெருமையா சொல்றா, "எழுநூறு தாண்ட மாட்டேங்க்கா, தெனமும்"னு. சீவும்போது கொத்து கொத்தா முடி வருது, ஃபேன் போட்டா குளிருதுன்னு எந்திரிச்சு நிறுத்துறா, ரெண்டு மாசமா தூரம் வரல, ஆனா போன்ல எந்நேரமும் பிரியாணி வீடியோ.

பட்டினி மோடுன்னு மாடி வீட்டு பொண்ணு சொன்னது ஒரு ராத்திரிக்கு பொருந்தாது, இவளுக்குத்தான் பொருந்தும். 1944-45-ல அமெரிக்காவுல மினசோட்டா யுனிவர்சிட்டில ஆன்சல் கீஸ்னு ஒருத்தரு, நல்ல தெடமா இருந்த 36 ஆம்பளைங்கள ஆறு மாசம் கிட்டத்தட்ட பாதி சாப்பாட்டுல வெச்சு பாத்தாரு. எடை கால்வாசி கொறைஞ்சுது, கூடவே உடம்பு எரிக்கிறதும் கொறைஞ்சுது, கை கால் சில்லுன்னு ஆச்சு, நெனப்பு பூரா சாப்பாடுதான், சமையல் புஸ்தகம் சேத்து வெச்சவங்க இருந்தாங்க. அப்பவும் எடை எறங்குறது அடியோட நிக்கல. அந்த ஆளுங்களுக்கு கூட தெனம் ஆயிரத்து ஐநூறு கலோரிக்கு மேல குடுத்தாங்க. இவ எழுநூறுல நிக்கிறா! பொம்பளைங்க 1200-க்கு கீழ தெனமும் போகணும்னா டாக்டர் பார்வைல இருந்தாத்தான்னு சொல்வாங்க, இப்படி வேகமா எறக்கினா பித்தப்பைல கல்லு வர்றதும் உண்டு.

இதெல்லாம் சொன்னா முறைக்கிறா. ஜாக்கெட் தச்சாச்சாம், அளவு கொறைச்சு. நான் அவ அம்மாகிட்ட பேசுறதா இருக்கேன், தூரம் நின்ன விஷயத்த மட்டுமாவது, அதுக்கு லேடி டாக்டர பாத்தே ஆகணும். அவ கோச்சுகிட்டா கோச்சுக்கட்டும்.

என் டப்பால இருந்து ஒரு முட்டைய அவ பக்கம் தள்ளினேன். வெள்ளக்கரு மட்டும் எடுத்தா. எனக்கு இன்னைக்கு 1290.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

ஏற்காடு. இருபது கொண்டை ஊசி வளைவுலயும் பையனுக்கு வாந்தி, அவனுக்கு இன்னைக்கு எத்தன கலோரின்னு கேக்காதீங்க. எனக்கு பகோடா பாயிண்ட்ல மொளகா பஜ்ஜி ரெண்டு, எழுதிட்டேன், உத்தேசமாத்தான், அந்த எண்ணெய்க்கு எந்த ஆப்லயும் கணக்கு இல்ல. சேர்வராயன் கோயில் வரைக்கும் போனோம், குளிர்ல நடந்ததுக்கு பசி நல்லா வந்துச்சு, மத்தியானம் முழு சாப்பாடு. 1640. போன வாரம் மாதிரி அடுத்த ரெண்டு மூணு நாள்ல தானா சமமாயிடும், ஆகலன்னா ஆவணில பாத்துக்கலாம்.

நாளைக்கு அத்தைக்கு சுகர் டெஸ்ட். வெறும் வயித்துல போகணும், ஏழு மணிக்கே போய் மொத ஆளா ரத்தம் குடுத்துட்டு, டப்பால இட்லி கொண்டு போறேன், கிளிமிபிரைடு பட்டைய என் பைல எடுத்து வெச்சுட்டேன், இட்லி உள்ள போனதுக்கப்புறம்தான் கைல குடுப்பேன்.