சுரங்கத்தின் மறுவாயிலில் கேட்கும் வெடியோசை

காற்று அமுங்கக்கூடியது என்பது சைக்கிளுக்குக் காற்றடித்த எவருக்கும் தெரியும். ஆயினும், திறந்தவெளியில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும் ரயிலைச் சுற்றிக் காற்று எப்படிப் பாய்கிறது என்று கணக்கிடுபவர், அதன் அடர்த்தி மாறுவதே இல்லை என்று வைத்துக்கொண்டு பெரும்பாலான வேலையை முடித்துவிடலாம். அந்த வேகம் நொடிக்குச் சுமார் 83 மீட்டர். ஒலியின் வேகமான 340 மீட்டரில் கால் பங்குதான். ரயிலின் மூக்கு நுனியில் காற்று மோதி நின்றுவிடும் புள்ளியில்கூட அழுத்தம் ஏறக்குறைய 4 கிலோபாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் 4 விழுக்காடு அளவுக்கே கூடுகிறது. அடர்த்தி 3 விழுக்காடு கூடுகிறது. ரயில் வருகிறது என்ற செய்தி அழுத்த மாற்றமாக ஒலியின் வேகத்தில் நாற்புறமும் முன்கூட்டியே பரவிவிடுவதால், காற்று நெருக்குண்ணாமல் பக்கவாட்டில் விலகி வழிவிடுகிறது.

அதே ரயில், வேகம் சற்றும் மாறாமல், சுரங்கத்துக்குள் நுழைந்தால் இந்தக் கணக்கு செல்லாது. ஒலியின் வேகத்தை நெருங்கினால் மட்டுமே காற்றின் அமுங்கும் தன்மையைப் பொருட்படுத்த வேண்டும் என்று பாடநூல்கள் மனத்தில் பதியவைக்கும் எண்ணத்துக்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியவில்லை. ஜப்பானின் அதிவேக ரயில் அமைப்பான ஷிங்கான்சென்னின் இருவழிச் சுரங்கங்களின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 64 சதுர மீட்டர். ரயில் அதில் ஆறில் ஒரு பங்கை அடைத்துக்கொள்கிறது. சுவர்கள் சூழ்ந்திருப்பதால் முன்னாலுள்ள காற்று முழுவதும் விலகி வழிவிட இயலாது. அதில் ஒரு பகுதி அமுங்கி, ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு கிலோபாஸ்கல் வலிமையுள்ள அலையாகி, ரயிலுக்கு முன்னே விரைகிறது. 5 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கத்தை அந்த அலை 15 நொடியில் கடக்கிறது. ரயிலுக்கு ஒரு நிமிடம் பிடிக்கிறது.

போகும் வழியில் அலையின் வடிவமும் மாறுகிறது. அழுத்தம் மிகுந்த பின்பகுதியில் காற்று சற்றுச் சூடாகவும், தானே முன்னோக்கி நகர்ந்துகொண்டும் இருப்பதால், அப்பகுதி முன்விளிம்பைவிட நொடிக்கு 5 மீட்டர் அளவுக்கு வேகமாகச் செல்கிறது. வேறுபாடு சிறியதுதான், ஆனால் 15 நொடியில் அது 75 மீட்டராகிவிடும். தொடக்கத்தில் சில பத்து மீட்டர் நீளத்துக்குச் சரிவாக இருந்த அலைமுகம் இதனால் செங்குத்தாகிக்கொண்டே போகிறது. தண்டவாளத்தின் அடியில் ஜல்லி இருந்தால் அதன் இடுக்குகள் அலையை ஓரளவு மழுங்கடிக்கும்; வழவழப்பான கான்கிரீட் தளத்தில் அந்த உதவி இல்லை. அலை மறுவாயிலை அடையும்போது வெளியேறும் அழுத்தத் துடிப்பின் வலிமையை முடிவு செய்வது அழுத்தத்தின் அளவு அன்று, அது ஏறும் விரைவு. ஆகவே ரயில் கண்ணில் படுவதற்கு முன்பே அந்த வாயிலில் வெடி வெடித்ததுபோன்ற ஓசை கேட்கிறது. அருகிலுள்ள வீடுகளின் சன்னல்கள் அதிர்கின்றன. 1975இல் ஷிங்கான்சென்னின் சான்யோ தடம் மேற்கே ஹகாட்டா நிலையம் வரை நீண்டபோது, நீளமான சுரங்கங்களும் கான்கிரீட் தளமும் ஒன்றுசேர, இந்தச் சிக்கல் பெரிதாகக் கவனத்துக்கு வந்தது.

தீர்வு நுழைவாயிலில்தான் இருக்கிறது. பக்கத் திறப்புகள் கொண்ட முகப்புக் கூடு ஒன்றை வாயிலில் நீட்டிக் கட்டினால், அழுத்தம் படிப்படியாக ஏறுகிறது. இன்னொரு வழி, ரயிலின் மூக்கை நீட்டுவது. 1997இல் 300 கிலோமீட்டர் வேகத்தில் ஓடத் தொடங்கிய 500 வரிசை ரயிலின் மூக்கு 15 மீட்டர் நீளம். மீன்கொத்தியின் அலகைப் பார்த்து அமைத்தார்கள் என்று அதன் பொறியாளர் எய்ஜி நகாட்சு கூறிய கதை உலகெங்கும் பரவிவிட்டது. கதை அழகானதுதான், ஆனால் காரியத்தைச் செய்வது அலகின் வடிவத்தைக் காட்டிலும், நுனியிலிருந்து உடல் வரை குறுக்குப் பரப்பு எந்தச் சீரில் பெருகுகிறது என்பதே. பின்னால் வந்த என்700 வரிசை, கணினிக் கணக்கீட்டால் செதுக்கப்பட்ட 10.7 மீட்டர் மூக்கோடு அதே வேகத்தில் ஓடியது இதற்குச் சான்று.

நீண்ட மூக்கு இருக்கைகளை விழுங்கும் என்பதால், நீளம் எப்போதும் பேரம் பேசித்தான் முடிவாகிறது. மணிக்கு 360 கிலோமீட்டரை இலக்காக வைத்து 2019இல் வெளிவந்த ஆல்ஃபா-எக்ஸ் சோதனை ரயிலில் ஒரு முனைக்கு 16 மீட்டர், மறுமுனைக்கு 22 மீட்டர் என இரு வேறு மூக்குகளைப் பொருத்தி ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.