உருது பேசுகிறவர்களின் "கசின்"

உருதுவில் தினமும் புழங்குகிற ஆங்கிலச் சொற்களில் கசின் மாதிரி வேலை செய்கிற சொல்லும் குறைவு, அதைப்போல விஷயத்தை மறைக்கிற சொல்லும் குறைவு. "மேரா கசின் ஆயா" என்றால் வந்தது பையன், "மேரீ கசின் ஆயீ" என்றால் பெண். ஆங்கிலச் சொல்லில் இல்லாத ஆண் பெண் வேறுபாட்டை உருதுவின் இலக்கணமே கொடுத்துவிடுகிறது. அதே ஆள் ஆங்கிலத்தில் பேசும்போது அந்த வசதி இல்லை, அதனால் "கசின் பிரதர்", "கசின் சிஸ்டர்" என்று சேர்த்துச் சொல்கிறார். நாமும் அப்படித்தான் சொல்கிறோம். இங்கிலாந்தில் வெறும் கசின்தான்.

ஆனால் உருதுவில் இதற்குச் சொல் இல்லாமல் இல்லை. சித்தப்பா பிள்ளை சாச்சாஜாத், தாய்மாமன் பிள்ளை மாமூஜாத், அத்தை பிள்ளை புப்பீஜாத், அம்மாவின் அக்கா தங்கை பிள்ளை காலாஜாத். ஜாத் என்பது பாரசீகத்திலிருந்து வந்தது, "பிறந்த" என்று பொருள். எந்த வீட்டு வழி உறவு என்பது ஒரே சொல்லில் தெரிந்துவிடும். இன்னொரு விஷயம், கசினின் மூலமான லத்தீன் சொல் கான்சோப்ரினுஸ் முதலில் சகோதரிகளின் பிள்ளைகளைத்தான் குறித்தது, அதாவது அசல் கசின் காலாஜாத் மட்டும்தான்! பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து சேர்வதற்குள் எல்லாப் பக்கத்துக்கும் பொதுவாகிவிட்டது.

தமிழில் இந்தப் பொதுச்சொல் நமக்கு இன்னும் பெரிய சிக்கல், ஏனென்றால் மாமன் மகளும் அத்தை மகனும் முறைப்பெண், முறைமாப்பிள்ளை, சித்தப்பா பிள்ளையும் பெரியம்மா பிள்ளையும் அண்ணன் தங்கை. உருது பேசும் முஸ்லிம்களுக்கு அந்தக் கோடு கிடையாது. குர்ஆனின் 4ஆம் அத்தியாயம் 23ஆம் வசனத்தில் மணமுடிக்கக் கூடாத உறவுகள் வரிசையாக வருகின்றன, இந்த நான்கு வகையும் அதில் இல்லை. அதனால் "கசினைக் கட்டிக்கொண்டார்" என்று ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஒரு உருதுக் குடும்பத்தில் சொன்னால் அது நான்கில் எதுவாகவும் இருக்கலாம். நம் முறையை மனதில் வைத்துக்கொண்டு முகம் சுளிக்கக் கூடாது.

சொல் துல்லியமாக இருந்தே ஆக வேண்டிய இடம் ஆஸ்பத்திரி. இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் பாகிஸ்தான் வம்சாவளிக் குடும்பங்கள் அதிகம். அங்கே 2007இல் தொடங்கிய பெரிய ஆய்வின் முடிவுகள் 2013இல் வெளிவந்தன: பெற்றோர் நெருங்கிய ரத்த உறவு என்றால் குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரும் வாய்ப்பு சுமார் 3 சதவீதத்திலிருந்து 6 ஆகிறது. அதாவது இரட்டிப்பு, ஆனாலும் பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. டாக்டர் "ஃபர்ஸ்ட் கசினா?" என்று கேட்பது கணவனும் மனைவியும் உடன்பிறந்தவர்களின் பிள்ளைகளா என்று தெரிந்துகொள்ளத்தான். உருதுப் பேச்சில் அப்பாவின் கசினுடைய மகனும் கசின்தான், ஆங்கிலக் கணக்கில் அவர் செகண்ட் கசின். வெறுமனே "ஆமாம், கசின்" என்று தலையாட்டினால் தப்பான தகவல் பதிவாகிவிடும்.

அதனால் உருது நண்பர்கள் யாராவது கேட்டால் நான் சொல்வது இதுதான்: ஆங்கிலத்தில் பிரதர், சிஸ்டர் ஒட்டு வேண்டாம், எந்த வழி என்று சொல்ல வேண்டியிருந்தால் "மை மதர்ஸ் சிஸ்டர்ஸ் சன்" என்று நீளமாகவே சொல்லிவிடுங்கள், அப்புறம் வீட்டில் பிள்ளைகளிடம் பேசும்போது காலாஜாத் என்றே சொல்லுங்கள்.