வானம் தோண்டியபோது வந்த உறைகிணறு

இராமநாதபுரத்துக்குக் கிழக்கே, வைகை கடலில் சேரும் பகுதியை ஒட்டிய ஒரு சிற்றூரில் எங்கள் பூர்வீக மனை இருக்கிறது. அப்பா கட்டிய ஓட்டு வீடு உப்புக் காற்றில் சுவர் உதிர்ந்து, சரங்கள் இற்று, அம்மாவைத் தனியே விட்டுவைக்க முடியாத நிலைக்கு வந்ததால், அதைப் பிரித்துவிட்டு அதே இடத்தில் தளம் போட்ட சிறிய வீடொன்று கட்டத் தொடங்கினோம். கட்டட அனுமதி, வங்கிக் கடன், கொத்தனார் எல்லாம் சிக்கலில்லாமல் அமைந்தன. வானம் தோண்டத் தொடங்கிய மூன்றாம் நாளில் வேலை நின்றது. மீண்டும் முழுவதுமாகத் தொடங்க ஐந்து வாரங்கள் ஆயின. அந்த ஐந்து வாரங்களில் என்ன நடந்தது என்பதை முறையாக எழுதி வைக்க விரும்புகிறேன். எங்கள் கரையில் வீடு கட்டும் எவருக்கும் இது நேரலாம். நேர்ந்தால் யாரிடம் போவது, என்ன கேட்பார்கள், மனைக்கு என்ன ஆகும் என்று சொல்ல எங்களுக்கு அப்போது யாரும் இல்லை.

மொத்தம் பன்னிரண்டு பில்லர் குழிகள். முதல் இரண்டு குழிகளிலும் பானை ஓடுகள் வந்தன. கடலோர ஊர்களில் மண்ணைக் கிளறினால் ஓடு வருவது புதிதல்ல. மழை பெய்து ஓய்ந்த மறுநாள் திடலில் பாசிமணி பொறுக்கிக் கோத்து விளையாடியதை அம்மா இப்போதும் சொல்வார். ஆகவே நானே அவற்றைப் பொறுக்கி, குழாயடியில் கழுவி, ஒரு சாக்கில் போட்டு வைத்தேன். அது எவ்வளவு பெரிய தவறு என்பது பின்னர்தான் தெரிந்தது. மூன்றாவது குழியில் நான்கரை அடி ஆழத்தில் கடப்பாரை எதிலோ இடறியது. கொத்தனார் இறங்கி மண்ணை விலக்கிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது நம்ம சூளைக் கல்லு இல்ல. இவ்வளவு அகலமா யாரும் இப்ப செங்கல் அறுக்கிறதில்ல" என்றார். நீளம் ஒன்றேகால் அடி, அகலம் முக்கால் அடி. தடிமனோ இரண்டரை அங்குலம்கூட இல்லை. அன்று மாலையே, கொல்லைப்புறத்தில் கழிவுநீர்த் தொட்டிக்காகத் தோண்டிய இடத்தில், ஏறத்தாழ ஆறடி ஆழத்தில், வட்டமான சுடுமண் விளிம்பு ஒன்று தெரிந்தது. அடுப்புக்கரி போல் கறுத்த மணலின் நடுவே அந்தச் சிவப்பு வட்டம் துல்லியமாக நின்றது. ஆட்கள் அனைவரும் ஒரே நேரத்தில் சொன்ன சொல் 'உறை' என்பதுதான். மணல் சரியும் எங்கள் பூமியில் இன்றும் சிமென்ட் உறை இறக்கித்தான் கிணறு வெட்டுகிறோம். அந்த வேலையைச் செய்கிறவர்களுக்கு அது என்னவென்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

செய்தி ஊருக்குள் பரவ ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. தாய்மாமா வந்து, "மாப்ள, இப்பவே மண்ணைத் தள்ளி மூடிடு. வெளிய தெரிஞ்சா மனையை அரசாங்கம் எடுத்துக்கும், கடனைக் கட்டிக்கிட்டு நீ தெருவுல நிப்ப" என்று சொன்னார். அவர் சொன்னதில் எங்கள் மீது கொண்ட அக்கறையைத் தவிர வேறெதுவும் இல்லை. அந்த அச்சம் எங்கள் பகுதியில் உண்மையாகவே இருக்கிறது. எத்தனை வீடுகளின் அடியில் எத்தனை விளிம்புகள் இப்படி இரவோடிரவாக மூடப்பட்டிருக்கும் என்று நினைத்தால் மனம் கனக்கிறது. முடிவெடுத்தவர் அம்மாதான். "நம்ம மண்ணுக்குள்ள இருந்தாலும் நாம வச்சது இல்லையேப்பா. சொல்லிரு" என்றார்.

சட்டம் என்ன சொல்கிறது என்று அன்றிரவே தேடிப் படித்தேன். 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம் இன்றும் நடப்பில் உள்ளது. மண்ணில் மறைந்து கிடந்த, பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும், அது என்ன, உத்தேச மதிப்பு என்ன, எங்கே கிடைத்தது, எந்தத் தேதியில் கிடைத்தது என்ற விவரங்களை மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் தண்டனை உண்டு. நினைவுச் சின்னங்களுக்கான 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும், அதில் 2010இல் செய்யப்பட்ட திருத்தமும் வேறு வகையானவை: மத்திய அரசு பாதுகாக்கும் சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டடத்துக்குத் தடை, அந்த 100 மீட்டருக்கு அப்பால் மேலும் 200 மீட்டர் வரை முன் அனுமதி பெற்றே கட்ட வேண்டும். எங்கள் மனைக்கு அருகில் அப்படிப்பட்ட சின்னம் எதுவும் இல்லாததால் அந்தத் தடை எங்களைத் தொடவில்லை. மனையைப் பறிகொடுப்போம் என்ற மாமாவின் பேச்சுக்கும் நான் படித்த சட்டத்துக்கும் இருந்த தூரத்தைக் கண்ட பிறகுதான் அன்று தூங்கினேன்.

மறுநாள் காலையில் கிராம நிர்வாக அலுவலரிடம் மனு கொடுத்தேன். புல எண், பட்டா நகல், மனையின் கை வரைபடம், குழிகளின் ஆழம், கைபேசியில் எடுத்த படங்கள் ஆகியவற்றை இணைத்து, ஒரு நகலை வட்டாட்சியருக்கும் இன்னொன்றை ஆட்சியருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பினேன். இப்படி மூன்று இடங்களுக்கும் ஒரே நாளில் அனுப்பியது நல்லதாயிற்று; ஓர் அலுவலகத்தில் என் மனு எந்த மேசையில் இருக்கிறது என்பதே ஒரு வாரம் வரை தெரியவில்லை. தொல்லியல் துறையிலிருந்து ஆள் வரப் பதின்மூன்று நாட்கள் ஆயின. அந்தப் பதின்மூன்று நாட்கள்தான் மிகக் கடினமானவை. கச்சான் காற்று மணலை வாரிக் குழிகளுக்குள் போட்டது. தார்ப்பாய் விரித்து, அதன்மேல் பனையோலை பரப்பி, ஓரங்களில் கல் வைத்துக் காத்தோம். உள்ளே பொற்காசு இருக்கிறது என்ற வதந்தி கிளம்பியதால் இரவில் நானும் தம்பியும் மாறி மாறிக் கட்டில் போட்டுப் படுத்தோம்.

வந்த அலுவலர் பேசிய முதல் வார்த்தையிலேயே எங்கள் அச்சம் பாதி போயிற்று. "வீட்டை நிறுத்தச் சொல்லி நாங்க வரல. கட்டுறதுக்கு முன்னாடி பார்த்துப் பதிவு செஞ்சுக்கணும், அவ்வளவுதான்" என்றார். பிறகு நான் பெருமையோடு கொண்டுவந்து கொட்டிய சாக்கைப் பார்த்தார். கடிந்துகொள்ளவில்லை, எந்தக் குழியில், எவ்வளவு ஆழத்தில் எடுத்தது என்று மட்டும் கேட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. இரண்டு குழிகளின் ஓடுகளும் கலந்துவிட்டன, ஒட்டியிருந்த மண்ணும் குழாயடியில் போய்விட்டது. ஓட்டுக்கு வயது சொல்வது பெரும்பாலும் அது கிடந்த மண்ணடுக்கும், அதே அடுக்கில் அதனோடு கிடந்த பிற பொருள்களும்தான் என்று அவர் பொறுமையாக விளக்கினார். அந்தச் சாக்கை நினைத்து நான் இன்றும் வருந்துகிறேன்.

அவர்கள் வகுத்த ஏற்பாடு எளிமையானது. மீதிக் குழிகளில் ஜேசிபி இறக்கக் கூடாது. ஆட்களே மண்வெட்டியால், ஒரு நேரத்தில் அரை அடிக்கு மேல் போகாமல், துறையின் ஆய்வாளர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கத் தோண்ட வேண்டும். எடுக்கும் மண் அனைத்தையும் சல்லடையில் சலிக்க வேண்டும். எதுவும் தென்பட்டால் அவர் கை காட்டும்வரை நிறுத்த வேண்டும். பிரிட்டன் போன்ற நாடுகளில், பழைய குடியிருப்பு இருந்த இடம் என்று தெரிந்தால், கட்டட அனுமதியிலேயே இத்தகைய கண்காணிப்பை நிபந்தனையாகச் சேர்த்துவிடுவார்களாம்; செலவும் பெரும்பாலும் கட்டுகிறவரையே சேரும். எங்கள் விஷயத்தில் ஆய்வாளரின் செலவு எங்கள் மீது விழவில்லை. ஆட்களுக்குக் கூடுதலாகக் கொடுத்த கூலி மட்டுமே எங்களுடையது. அனுமதி கொடுக்கும்போதே இப்படியொரு நிபந்தனை இருந்திருந்தால் அந்தச் சாக்கு நிறைந்திருக்காது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆய்வாளராக வந்த பெண் ஆறு நாட்கள் எங்களோடு இருந்தார். காலை ஏழு மணிக்கு வந்து, குழியின் சுவரைக் கரண்டியால் சீவி நேர்த்தியாக்கி, மண்ணின் நிறம் மாறும் இடங்களில் ஆணி அடித்து நூல் கட்டுவார். அதுவரை எனக்கு வெறும் மணலாகத் தெரிந்த சுவர் அதன்பின் புத்தகப் பக்கங்களைப் போலத் தெரிந்தது. மேலே ஓரடி அப்பா காலத்தில் அடித்த நிரவல் மண்; அதன்கீழ் சாம்பல் நிற மணல்; பிறகு விரற்கடை கனத்தில் சாம்பலும் கரியும்; அதற்கும் கீழே பழுப்பு மண், அதில்தான் ஓடுகளும் அந்தச் செங்கற்களும்; அடியில் கிளிஞ்சல் கலந்த வெள்ளை மணல். மனிதக் கை படாத அந்த அடி மண்ணை அவர்கள் கன்னிமண் என்கிறார்கள். கிடைத்த ஒவ்வொன்றும் குழி எண், ஆழம், தேதி எழுதிய சீட்டோடு தனிப் பையில் போயிற்று. அளவுகோலும் வடக்குக் காட்டும் அம்பும் பக்கத்தில் வைக்காமல் அவர் ஒரு படம்கூட எடுக்கவில்லை.

ஏழாவது குழியில் கிடைத்த ஓர் ஓட்டை மட்டும் என் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கச் சொன்னார். பிஸ்கட் கனமே இருக்கும். சாம்பல் நிறம், வழவழப்பான மேற்பரப்பு. உட்புறத்தில் ஊசியால் குத்தியதுபோன்ற நுண்ணிய புள்ளிகள் வரிசை வரிசையாக வட்டமிட்டிருந்தன. கண்ணுக்குத் தெரிவதைவிட விரல் நுனிக்கு நன்றாகத் தெரிந்தன. ரௌலட்டட் வகை மட்கலம் என்றார். 1945இல் புதுச்சேரிக்கு அருகிலுள்ள அரிக்கமேட்டில் அகழாய்வு செய்த பிரிட்டிஷ் தொல்லியல் அறிஞர் வீலர் காலத்தில் இது மேற்கே உரோமானிய உலகிலிருந்து வந்ததென்று கருதப்பட்டதாகவும், இந்தியாவிலேயே செய்யப்பட்டது என்ற கருத்தே இப்போது வலுவாக இருப்பதாகவும் சொன்னார். எங்களுக்குப் பக்கத்திலிருக்கும் அழகன்குளத்தில் மாநிலத் தொல்லியல் துறை 1986-87 முதல் பல பருவங்களாக நடத்திய அகழாய்வுகளில் இவ்வகை ஓடுகளும், தமிழி எனப்படும் பண்டைய தமிழ் எழுத்துப் பொறித்த ஓடுகளும், உரோமானியக் காசுகளும், கப்பல் உருவம் கீறிய ஓடும் கிடைத்திருக்கின்றன. சங்கப் பாடல்களில் வரும் மருங்கூர்ப்பட்டினம் அதுவே என்று கருதும் அறிஞர்கள் உண்டு. அந்தப் பட்டினத்தோடு தொடர்புடையவர்கள் எங்கள் மனையில் குடியிருந்தார்களா என்று கேட்டேன். ஐந்தாறு குழிகளை வைத்துக்கொண்டு அப்படிச் சொல்ல முடியாது என்று அவர் மறுத்ததும் எனக்குப் பிடித்திருந்தது.

உறைகிணற்றுக்கு நான்கு நாட்கள் ஆயின. மூன்று உறைகள் வரை வெளிப்படுத்தினார்கள். ஒவ்வொன்றும் குறுக்களவில் இரண்டே முக்கால் அடி, உயரம் ஒரு சாண். மேலுறையின் அடிவிளிம்பு கீழுறையின் மேல்விளிம்பில் பிசகாமல் அமர்ந்திருந்தது. ஒன்றன் வெளிப்புறத்தில், மண் ஈரமாக இருந்தபோது வனைந்தவர் விரல்களை அழுத்தி இழுத்த நான்கு தடங்கள் இருந்தன. எங்கள் கொத்தனார் அந்தத் தடங்களில் தன் விரல்களை வைத்துப் பார்த்துவிட்டு, நெடுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கீழடியிலும் கொற்கையிலும் அரிக்கமேட்டிலும் இதே போன்ற சுடுமண் உறைகிணறுகள் வெளிப்பட்டிருக்கின்றன. மூன்றாவது உறைக்குக் கீழே தண்ணீர் ஊறத் தொடங்கியது. மோட்டார் வைத்து இறைத்தால் தண்ணீரோடு மணலும் வந்து சுற்றுச்சுவர் சரிந்து, கிணறும் நொறுங்கும், பக்கத்துப் பில்லர் குழியும் விழும் என்பதால் அதோடு நிறுத்தினார்கள். அளந்து, வரைந்து, படம் எடுத்து முடித்த பிறகு, உறைகளைப் பெயர்த்து எடுப்பதில்லை என்று முடிவாயிற்று. உள்ளும் புறமும் சலித்த மணலை நிரப்பி, மேலே வலை விரித்து மூடினோம்.

அதற்காக வீட்டின் அமைப்பில் சில மாற்றங்கள் செய்ய வேண்டியிருந்தது. கழிவுநீர்த் தொட்டி கிணற்றிலிருந்து விலகி மனையின் வடமூலைக்குப் போயிற்று. கொல்லைப்புறத்துப் பில்லர் ஒன்றை மூன்றடி உள்ளே தள்ளி, அந்த இடைவெளிக்குப் பீமின் கம்பியைக் கூட்டிப் பொறியாளர் வரைபடத்தைத் திருத்திக் கொடுத்தார். கூடுதல் கூலி, கம்பி, திருத்திய வரைபடம் எல்லாம் சேர்த்து ஐம்பத்திரண்டாயிரம் ரூபாய் ஆனது. கடன் தவணையை விடுவிக்க வங்கியில் தாமதக் காரணம் கேட்டார்கள். வட்டாட்சியர் அலுவலகக் கடிதத்தின் நகலைக் கொடுத்ததும் அது முடிந்தது. ஆகவே, வேலை நின்ற நாளிலிருந்து வரும் எல்லாக் கடிதங்களுக்கும் நகல் வைத்துக்கொள்ளுங்கள். இன்னும் முக்கியமாக, கிடைத்ததைக் கழுவாதீர்கள், கிடந்த இடத்தை விட்டு எடுக்காதீர்கள். எடுத்தே ஆக வேண்டிய நிலை வந்தால், எடுக்கும் முன் அடிக்கோலை வைத்து ஒரு படமாவது எடுத்துவிடுங்கள்.

பொருள்களைத் துறை எடுத்துக்கொண்டபோது பை வாரியாக எண்ணிட்ட பட்டியலில் நானும் கையெழுத்திட்டேன். நான் கழுவிய சாக்கும் அதில் இருக்கிறது, 'ஆழம் தெரியவில்லை' என்ற குறிப்போடு. மாமா கிரகப்பிரவேசத்துக்கு வந்தபோது முதலில் கேட்டது கிணறு எங்கே என்றுதான். கொல்லையில் அந்த இடத்துக்கு மட்டும் சிமென்ட் போடாமல் மணலாகவே விட்டிருக்கிறோம். சுற்றுச்சுவரின் தென்கிழக்கு மூலையிலிருந்து பதினொன்றே கால் அடி, பின்வாசல் படியிலிருந்து ஒன்பது அடி, தரையிலிருந்து ஆறடி ஆழம் என்று அளவெழுதி அந்த ஆய்வாளர் வரைந்து தந்த படத்தின் நகல் ஒன்று வீட்டுப் பட்டாவோடு அதே உறையில் இருக்கிறது; நாளை எங்கள் பிள்ளைகள் அங்கே தோண்ட நேர்ந்தால் முதலில் அவர்கள் கைக்கு வர வேண்டியது அதுதான்.