கோட்டைக்குள் ஓர் அரண்மனை: போலந்தின் வான்சுட்

தென்கிழக்குப் போலந்தில் இருக்கும் வான்சுட் அரண்மனைக்குப் போனால் வரவேற்பறைகளைப் பிறகு பார்க்கலாம். முதலில் அகழிக்கரையில் நின்று கொத்தளங்களை, அதாவது மதில் மூலைகளில் முன்தள்ளி நிற்கும் அரண்மேடைகளைப் பாருங்கள். இந்தக் கட்டடத்தின் மூளை அங்கேதான் இருக்கிறது.

போலந்துப் பிரபு ஸ்டானிஸ்வாவ் லுபோமிர்ஸ்கி 1629-1642இல் கட்டியது. நடுவில் அரண்மனை, சுற்றி ஐந்து முனை நட்சத்திர வடிவில் அரண். ஏன் நட்சத்திரம்? வட்டக் கோபுரத்தின் நெற்றிக்கு நேர் கீழே ஒரு குருட்டு இடம் விழும். பக்கத்து மதிலிலிருந்து சுட்டால் குண்டு அங்கே எட்டாது. எதிரி அங்கே ஒண்டிக்கொண்டு அடித்தளத்தைத் தோண்டுவான். கொத்தளத்தைக் கூர்முனையாக்கினால் அதன் இரு முகங்களையும் பக்கத்துக் கொத்தளங்களிலிருந்து துடைத்தெடுத்தாற்போலச் சுடலாம். பீரங்கிக் குண்டின் அதிர்ச்சியை மண்மேடு வாங்கிக்கொள்ளும். வெறும் கல்மதிலாக இருந்தால் சிதறிவிடும். 1657இல் திரான்சில்வேனியாவின் ஆட்சியாளர் ராகோட்சியின் படை வந்தபோதும் இந்த அரண் விழவில்லை.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதற்குப் போர்ப்பயன் போய்விட்டது. அப்போதைய உரிமையாளர் இசபெலா லுபோமிர்ஸ்கா சுற்றிலும் ஆங்கிலப் பாணிப் பூங்கா அமைத்தார். குளிர் தாங்காத செடிகளுக்குப் பெரிய சன்னல்கள் வைத்த ஆரஞ்சுக்கூடம் 1802 வாக்கில் எழுந்தது. கோட்டையை இடித்துத் தள்ளாமல் தோட்டத்துக்குள் சேர்த்துக்கொண்டதே அவர் செய்த பெரிய நன்மை என்பேன்.

இன்று தெரியும் முகப்பு பொடொட்ஸ்கி குடும்பம் 1889-1911இல் மாற்றியது. மின்சாரமும் கழிவுநீர்க் குழாயும் வந்தது அப்போதுதான். 1944 கோடையில் கடைசி உரிமையாளர் ஆல்ஃப்ரெட் பொடொட்ஸ்கி கலைப்பொருட்களை 11 ரயில் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டு வெளியேறினார். மிச்சம்தான் இன்றைய அருங்காட்சியகம். 1902இல் கட்டிய வண்டிக்கூடத்தில் உள்ள குதிரைவண்டிகளுக்குத் தனியே நேரம் ஒதுக்குங்கள்.