பிளான்ட் பாட்டுகளை வருஷ வரிசையில் அடுக்கிப் பார்த்தேன்

பிரிட்டிஷ் ராக் குழுவான லெட் செப்பலினின் பாடகர் ராபர்ட் பிளான்ட்டின் தனிப் பாட்டுகளைத் தொகுத்து 2003-ல் வந்த இரட்டை சிடி ‘சிக்ஸ்டி சிக்ஸ் டு டிம்பக்டு’. பேரிலேயே விஷயம் இருக்கிறது. 1966-ல் 18 வயதில் பாடிய சிங்கிளில் தொடங்கி, 2003 ஜனவரியில் மாலி நாட்டு டிம்பக்டுவுக்குப் பக்கத்தில், எஸ்ஸகான் என்ற இடத்தில் நடந்த பாலைவன விழாவில் பாடியது வரைக்கும் வருகிறது. ஆனால் சிடியை அப்படியே ஓடவிட்டால் இந்தப் பயணம் காதில் ஏறாது. முதல் தட்டில் பெரும்பாலும் தெரிந்த பாட்டுகள், வருஷம் முன்னும் பின்னுமாக. இரண்டாவதில் ஆரம்ப காலச் சிங்கிள், டெமோ என்கிற வெள்ளோட்டப் பதிவு, சினிமாவுக்கும் அஞ்சலி ஆல்பங்களுக்கும் பாடிக் கொடுத்தவை. இரண்டையும் கலைத்துப் பதிவான வருஷப்படி ஒரே வரிசையில் அடுக்கினால் எப்படி இருக்கும்? கொஞ்ச நாளாக அதுதான் வேலை.

சிடியைக் கணினிக்கு ஏற்றுவது, அதாவது ரிப் செய்வது, பெரிய காரியமில்லை. ஒரு யூஎஸ்பி சிடி டிரைவ் போதும், ஒலித் தரம் குறையாத ஃப்ளாக் ஃபைலாக எடுத்துக்கொண்டேன். பொறுமையைச் சோதிப்பது டேக், அதாவது ஃபைலுக்குள் எழுதி வைக்கும் பேர், வருஷம் முதலிய தகவல். மென்பொருள் இணையத்திலிருந்து இழுத்து வரும் தகவலில் எல்லாப் பாட்டுக்கும் 2003 என்றே விழுகிறது. எந்தத் தொகுப்பை எடுத்தாலும் இதே கதைதான். ஒவ்வொன்றுக்கும் அசல் வருஷம் தேடி, ஃபைல் பெயரின் முன்னாலேயே போட்டுவிட்டேன். டேக்கில் மட்டும் போட்டால் ஒரு பிளேயர் மதிக்கும், இன்னொன்று மதிக்காது.

அடுத்தது சத்தம். 1966 சிங்கிளுக்கும் 1988 பாட்டுக்கும் ஒலி அளவு ஏணி வைத்தாலும் எட்டாது. ரீப்ளே கெயின் போட்டேன். அது பாட்டைத் தொடாது, ‘இத்தனை டெசிபல் குறை, கூட்டு’ என்று பிளேயருக்கு ஒரு குறிப்பு எழுதி வைக்கும், அவ்வளவுதான். ஒரே ஆல்பத்தைக் கேட்க, மொத்த ஆல்பத்துக்கும் ஒரே அளவு வைக்கும் ஆல்பம் முறை சரி. இந்த மாதிரிக் கதம்பத்துக்கு ஒவ்வொரு பாட்டையும் தனித்தனியாகச் சமன் செய்யும் டிராக் முறைதான் ஒத்துவரும். அதிலும் ஒரு தொல்லை: டிம் பக்லியின் பாட்டைப் பிளான்ட் பாடிய ‘சாங் டு தி சைரன்’ மாதிரி மெல்ல எழும் பாட்டையும் அது ‘டால் கூல் ஒன்’ உயரத்துக்குத் தூக்கிவிடுகிறது. மெதுவான பாட்டுகளை மட்டும் கையால் 3 டெசிபல் இறக்கினேன். இப்போது மூச்சு விடும் சத்தம் கேட்கிறது, கத்தல் இல்லை.

இனி பாட்டு.

ஆரம்பமே சுவாரசியம். ‘யூட் பெட்டர் ரன்’ லிசன் என்ற குழுவின் பேரில் வந்தது. பையன் தொண்டையைக் கிழித்துக்கொண்டு பாடுகிறான், அமெரிக்கக் கறுப்பின சோல் இசைப் பாடகன் ஆகிவிட வேண்டும் என்ற அவசரம் தெரிகிறது. அடுத்த வருஷமே ‘அவர் சாங்’. இத்தாலியப் பாட்டு ஒன்றை ஆங்கிலமாக்கி, வயலின் கூட்டத்தோடு கோட்டு சூட்டு போட்டு நிறுத்திவிட்டார்கள். கம்பெனிக்கு என்ன கணக்கோ! குரலில் குறையில்லை, ஆனால் அந்தப் பாட்டுக்குள் அவர் இல்லை. அதே 1967-ல் பேண்ட் ஆஃப் ஜாய் குழுவோடு எடுத்த டெமோக்கள் இரண்டு: ‘ஹே ஜோ’, ‘ஃபார் வாட் இட்ஸ் வொர்த்’. டிரம்ஸில் ஜான் பான்ஹாம், பின்னாளில் செப்பலினின் டிரம்மர். செப்பலின் பிறக்க இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, அதில் பாதி இங்கேயே நிற்கிறது. ‘ஹே ஜோ’வில் வரி முடிந்த பிறகும் பிளான்ட் விடுவதில்லை. முனகுகிறார், இழுக்கிறார், டிரம்ஸ் மேலே ஏறினால் இவரும் ஏறுகிறார்.

1968-ல் பிரிட்டிஷ் புளூஸ் இசைக்காரர் அலெக்ஸிஸ் கார்னருடன் பாடிய ‘ஆபரேட்டர்’ வருகிறது. பியானோ, கிட்டார், ஹார்மோனிகா, குரல், வேறு கூட்டம் கிடையாது. பியானோ ஒரு வார்த்தை சொன்னால் இவர் பதில் சொல்கிற மாதிரி போகும். மொத்தத் தொகுப்பிலும் நான் அதிக முறை திரும்ப ஓடவிட்டது இதைத்தான்.

அதற்கு அடுத்த ஃபைலின் பெயர் 1983 என்று தொடங்குகிறது. நடுவில் எதுவும் இல்லை. 1968 முதல் 1980 வரை செப்பலின். தனிப் பாட்டுத் தொகுப்பில் அதற்கு இடமில்லை என்று பிளான்ட் விட்டுவிட்டார். இந்த இடைவெளியில் நாலைந்து செப்பலின் பாட்டைச் செருகிப் பார்த்தேன். எடுபடவில்லை. அவை உள்ளே வந்ததும் மற்ற எல்லாம் முன்னுரை, பின்னுரை ஆகிவிடுகின்றன. எடுத்துவிட்டேன். வெறும் தாவலாகக் கேட்பதே மேல்: ‘ஆபரேட்டர்’ முடிந்த கையோடு ‘பிக் லாக்’கின் டிரம் மெஷின் டிக் டிக்கென்று ஆரம்பிக்கிறது, ராபி பிளன்ட்டின் கிட்டார் தனியாக வருகிறது, அப்புறம் குரல். அதே ஆள்தானா என்று இருக்கிறது. கத்துவதற்கு இடம் இருந்தும் கத்துவதில்லை. அமெரிக்காவில் 20-ம் இடம், இங்கிலாந்தில் 11-ம் இடம் வரை போன பாட்டு.

1984-ல் ஹனிடிரிப்பர்ஸ் என்ற குழுவின் பேரில் ‘சீ ஆஃப் லவ்’. அமெரிக்காவில் 3-ம் இடம். ‘அவர் சாங்’கில் கம்பெனி போட்டுவிட்ட அதே கோட்டு சூட்டை, 17 வருஷம் கழித்து இவரே விரும்பிப் போட்டுக்கொள்கிறார். வருஷ வரிசையில் வைத்தால்தான் இது தெரிகிறது. 1985 பாட்டின் சிந்தசைசரை நான் வேகமாகத் தாண்டிவிடுவேன். 1988-ன் ‘டால் கூல் ஒன்’ வேடிக்கையானது: செப்பலினின் கிட்டார்காரர் ஜிம்மி பேஜே வந்து வாசிக்கிறார், போதாததற்குப் பழைய செப்பலின் பதிவுத் துண்டுகளையும் பிளான்ட் சாம்பிளாக வெட்டித் தூவியிருக்கிறார். ராப் குழுவான பீஸ்டி பாய்ஸ் செப்பலினை வெட்டி ஒட்டினார்களே, நான் செய்தால் என்ன என்கிற குறும்பு. வாசல் வழியாக விடாத செப்பலின் ஜன்னல் வழியாக உள்ளே வந்துவிட்டது.

1993-ன் ‘ஃபேட் ஆஃப் நேஷன்ஸ்’ ஆல்பத்திலிருந்து நிறையவே எடுத்திருக்கிறார், நியாயம்தான். ‘ஐ பிலீவ்’, 1977-ல் 5 வயதில் இறந்துபோன மகன் கேரக்குக்காகப் பாடியது. அழுது வடியும் பாட்டு இல்லை. தாளம் கொஞ்சம் துள்ளலாகவே இருக்கும், அதனால்தான் வலிக்கிறது. ‘காலிங் டு யூ’வில் நைஜல் கென்னடியின் வயலின் கடைசியில் அரபுப் பக்கம் சாய்கிறது.

இங்கேதான் எனக்குப் பெரிய குறை. 1982-ல் வந்த முதல் தனி ஆல்பமான ‘பிக்சர்ஸ் அட் லெவன்’-லிருந்து ஒரு பாட்டுகூட இல்லை. அதில் ‘ஸ்லோ டான்சர்’ என்று ஒன்று உண்டு. கோஸி பவல் டிரம்ஸ். எகிப்தின் உம் குல்தும் பாட்டைக் கேட்டுக் கிறங்கியதன் தடம் அதில் அப்படியே இருக்கும். 1966-லிருந்து டிம்பக்டுவுக்குப் போகிற வழியில் முக்கியமான நிறுத்தம் அது, அதைப் போய் விட்டால் எப்படி? மேலே சொன்ன தாவல் கெட்டாலும் பரவாயில்லை என்று, என் வரிசையில் அதை மட்டும் வெளியிலிருந்து கொண்டுவந்து ‘பிக் லாக்’குக்கு முன்னால் வைத்தேன். 2020-ல் வந்த ‘டிக்கிங் டீப்: சப்டெரேனியா’ என்ற 30 பாட்டுத் தொகுப்பில் முதல் ஆல்பத்துக்கு இடம் கொடுத்துவிட்டார். ஆனால் அதில் 1960-கள் இல்லை. ஒன்று இருந்தால் ஒன்று இல்லை.

கடைசிப் பாட்டு ‘வின் மை டிரெயின் ஃபேர் ஹோம்’, பாலைவன விழாவில் பதிவானது. கிட்டார் ஜஸ்டின் ஆடம்ஸ். சஹாரா பாலைவனத்துத் துவாரெக் மக்களின் இசைக் குழுவான தினாரிவெனின் ‘ரேடியோ திஸ்தாஸ் செஷன்ஸ்’ தயாரிப்பிலும் இருந்தவர், எனவே அந்த மண்ணின் தாளம் அவர் கையில் ஏற்கெனவே உண்டு. அமெரிக்காவின் மிசிசிப்பிப் பக்கத்துப் பழைய டெல்டா புளூஸ் வரிகள்தான் பாட்டு. ஒரே சுருதியில் சுற்றிச் சுற்றி வருகிறது, பிளான்ட் உச்சத்துக்கு ஏறவே இல்லை, ‘ஆபரேட்டர்’ மாதிரியே வரிகளுக்கு நடுவில் முனகுகிறார். இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்து ஒரு சின்ன பிளேலிஸ்ட் தனியாகப் போட்டிருக்கிறேன், முழு வரிசையைவிட அதுதான் இப்போது அதிகம் ஓடுகிறது.

பாக்கி இருப்பது ரெய்னர் ப்டாசெக். அரிசோனா கிட்டார்காரர், 1997-ல் இறந்தார். இரண்டாம் தட்டில் பிளான்ட் அவர் பாட்டுகளைப் பாடியிருக்கிறார், ‘ரூட் வேர்ல்ட்’டில் பேஜும் உண்டு. ரெய்னரே பாடிய அசல்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் பிளான்ட் பாடியதற்கு முன்னால் ஒவ்வொன்றாகச் செருகிவிடுவேன்.